ஸ்பீக்கர் யாரைப் பார்த்து இருக்க வேண்டும்

என் வீட்டுக்காரர் சுவக்கீன் என்னிடம் கடைசியாகக் கேட்டது ஒரு மரத்துண்டு. சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் பூசைக்கான பாட்டுகளை வீட்டில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னா, ஸ்பீக்கர் மூஞ்சி இன்னும் கொஞ்சம் மேல பாக்கணும். அடியில குடுக்க ஏதாச்சும் கொண்டா, விரல் தடிமன் போதும்" என்றார். விறகுக் குவியலில் விரல் தடிமனுக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றை எடுத்துப் பிளந்து, சிலாம்பு தட்டிக் கொண்டுவந்தேன். அவர் கீபோர்டின் மேல் தலை சாய்த்திருந்தார். தலைக்கு அடியில் ஏழெட்டுக் கீபோர்டு கட்டைகள் ஒன்றாக முழங்கிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் காதில் விழுந்திருந்தால் அவரே முதல் ஆளாகக் கையை எடுத்திருப்பார்.

ஜீப் பிடித்து மலை இறங்கினோம். ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள், வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். அதைப் பற்றி எழுத என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. அந்த ஸ்பீக்கரை வாங்கிய கதைதான் நிறைய இருக்கிறது.

சுவக்கீனும் அன்னாளும் மாதாவைப் பெற்றவர்கள்; எங்கள் இருவருக்கும் அவர்கள் பெயர்தான். கோவிலில் எங்கள் கல்யாண ஓலை வாசித்த அன்றே பங்குச்சாமியார், "உங்களுக்குப் பெண் பிறந்தால் பெயர் தேட வேண்டாம்" என்று சொல்லிச் சிரித்தார். பிறந்தது இரண்டும் பையன்கள். பெரியவன் திருப்பூரில், சின்னவன் கோயம்புத்தூரில். சின்னக்கானல் பக்கத்தில் எஸ்டேட் லயத்து வீட்டில் நாங்கள் இருவரும், எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தக் கீபோர்டும்தான் மிச்சம். பகலெல்லாம் தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டுகிற இடத்தில் வேலை. எட்டு மணி நேரம் விசிறிச் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவருக்கு, அந்தோனியார் கோவிலில் கீபோர்டு முன்னால் இருக்கிற முக்காலிதான் உட்காரக் கிடைத்த ஒரே இடம்.

அந்த முக்காலிக்குத்தான் ஆபத்து வந்தது.

பிஷப் வந்திருந்த பூசையில் வரவேற்புப் பாட்டு இரண்டாகப் பிரிந்து போனது. கோவிலின் பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டும் ஜனங்களைப் பார்த்து நிற்கும். வாசிக்கிறவருக்கு அவற்றின் முதுகுதான் தெரியும். பக்கத்தில் ஷிஜு டிரம்ஸ் அடிப்பான். அவன் அடிக்கும்போது தன் கை என்ன வாசிக்கிறது என்று சுவக்கீனுக்கே தெரியாது. உபதேசியார்தான் பாட்டை எடுத்துக் கொடுப்பவர். கீபோர்டுக்குக் காத்திருக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. கண்ணை மூடுவார், ஆரம்பித்துவிடுவார். சுவக்கீன் ஓடிப்போய் அவர் சுருதியைப் பிடிக்க வேண்டும். கீபோர்டில் அதற்கென்று ஒரு பட்டன் உண்டு, ஒரு அழுத்துக்கு அரைச் சுருதி ஏறும் அல்லது இறங்கும். அன்றைக்கு இவர் ஏற்றி இறக்கி, இறக்கி ஏற்றி, கடைசி வரை பாட்டோடு சேரவே இல்லை. பிஷப் சிரித்த முகத்தோடேயே இருந்தார். அதுதான் கமிட்டிக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை.

"சுவக்கீன் அண்ணே, திருவிழாக் கொடியேத்தத்துக்கும் இப்படி ஆச்சுன்னா அடிமாலியில இருந்து ஆள் கூப்பிட வேண்டியது வரும். வருத்தப்படக் கூடாது" என்றார் கமிட்டித் தலைவர்.

"நான் வாசிக்கிறது எனக்குக் கேக்கல. அதுதான் குறை" என்றார் இவர்.

"எங்களுக்கு நல்லாவே கேட்டுச்சே. அதுதான் குறை."

வீட்டுக்கு வந்ததும் முடிவெடுத்துவிட்டார். தன்னைப் பார்த்து வைக்கிற மாதிரி ஒரு சின்ன ஸ்பீக்கர். மானிட்டர் என்று அதற்குப் பெயராம். அடுத்த விடுமுறை நாளில் கீபோர்டைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் அடிமாலிக்குப் போனோம். கண்டக்டர் பாதி வழி வரை அதை ஏதோ பிரேதம் மாதிரியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கடைக்காரன் ஜோமோன் மிக்சி, ஃபேன், டிவியோடு பாட்டுப்பெட்டிகளும் விற்பவன். எங்களைக் கண்டதும் ஒரு பெரிய பெட்டியைத் தட்டிக் காட்டினான். "சேட்டா, பதினஞ்சு இஞ்ச். பெருநாளுக்கு இது மதி, வேற ஒண்ணும் வேண்டா. அடுத்த எஸ்டேட் வரைக்கும் கேக்கும்."

"அடுத்த எஸ்டேட்டுல அவங்களுக்குக் கோவில் இருக்கு. எனக்குக் கேட்டாப் போதும்."

"சேட்டனுக்கு மட்டுமோ?"

"எனக்கு மட்டும்."

ஜோமோன் என்னைப் பார்த்தான். நான் மிக்சியைப் பார்த்தேன்.

"அப்ப ஹெட்ஃபோன் எடுத்துக்கோ சேட்டா. சின்ன சாதனம், நல்ல சாதனம்."

"பூசையில காதுல அத மாட்டிக்கிட்டு உக்காந்தா, சினிமாப் பாட்டு கேக்கேன்னு இன்னொரு கம்ப்ளெய்ண்டு வரும்."

மூன்று சின்னப் பெட்டிகள் கீழே இறங்கின. ஜோமோன் முதல் பெட்டியில் தன் போனிலிருந்து ஒரு பாட்டைப் போட்டான். ஃபேன்கள் எல்லாம் அதிர்ந்தன. "எப்படி?" என்றான் பெருமையாக. சுவக்கீன் அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, கம்பளியை விரித்து, கீபோர்டை இரண்டு கிரைண்டர் பெட்டிகளின் மேல் வைத்தார். இடது கையால் கீழ் ஸ்வரங்களை வாசித்தார். எல்லாம் ஒன்றோடொன்று கலந்து சாம்பாராக வந்தது. "இது பாட்டு கேக்குறவனுக்கு. வாசிக்கிறவனுக்கு இல்ல" என்று தள்ளி வைத்தார்.

இரண்டாவதில் மேல் ஸ்வரங்கள் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தன. மைக்கைப் பக்கத்தில் கொண்டுபோனதும் அது விசில் அடித்தது. வெளியே நின்ற ஆட்டோ டிரைவர் எட்டிப் பார்த்து, "யாரு கூப்பிட்டது?" என்றார்.

மூன்றாவது ஆறரை இஞ்ச். ஒரு பக்கம் சரிவாக வெட்டியிருந்ததால் தரையில் வைத்தால் மேல்நோக்கிப் பார்க்கும். சுவக்கீன் அதோடு திருப்தியாகவில்லை. "கோவில்ல இருக்கிற சத்தத்துல பாக்கணும்" என்றார். ஜோமோனிடம் ஒரு காலி டிவி அட்டைப்பெட்டியைக் கொடுத்து, ஷிஜு அடிப்பது போல அடிக்கச் சொன்னார். "அவன் எப்படி அடிப்பான்?" "அப்பனோட சண்டை போட்டுட்டு வந்தவன் மாதிரி." ஜோமோனுக்கு அந்தக் கை நன்றாகவே வந்தது. சுவக்கீன் என்னிடம் திரும்பி, "நீ பாடு" என்றார்.

"கடையிலயா?"

"கோவில்ல மட்டும் ஆளே இல்லாமலா பாடுத?"

மிக்சிகளுக்கு நடுவில் நின்று மாதா பாட்டு ஒன்றைப் பாடினேன். மைக் வயர் வாங்க வந்த ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். சுவக்கீன் கண்ணை மூடி, மிக மெதுவாக, கட்டையைத் தொட்டும் தொடாமலும் வாசித்தார். முடிந்ததும் முகம் கழுவிவிட்டு வந்தவர் போல இருந்தார்.

"கேக்குது அன்னா. மெதுவா தொட்டாக்கூட கேக்குது."

லயத்தில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. "இம்புட்டுத்தானா?" என்றார்கள். பக்கத்து வீட்டு ஜெஸ்னா, காலேஜ் படிக்கிற பெண், குனிந்து பார்த்துவிட்டு, "மாமா, இது வளருமா?" என்று கேட்டாள். அவளுக்கு வாரத்தில் இரண்டு நாள் கீபோர்டு சொல்லிக்கொடுத்தார் என்பதால் அந்த உரிமை.

கொடியேற்ற நாள் வந்தது. இவர் முன்னதாகவே போய் ஸ்பீக்கரைத் தன் காலருகே, தன் முகத்தைப் பார்த்து வைத்தார். இவர் வெளியே போன நேரத்தில் கோவில்பிள்ளை சவரிமுத்து பெஞ்சு துடைத்துக்கொண்டே வந்தவர், அதைப் பார்த்து "ச்ச்" என்று சொல்லிவிட்டு ஜனங்கள் பக்கம் திருப்பி வைத்தார். இவர் திரும்பி வந்து மறுபடி தன் பக்கம் திருப்பினார்.

சவரிமுத்து பார்த்துவிட்டார். "என்ன மாமா இது, ஜனத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு இருக்கு?"

"எனக்குக் கேக்கத்தான் வச்சிருக்கேன்."

"வாசிக்கிறதே நீங்கதானே. உங்களுக்கு எதுக்கு?"

இவர் தண்ணீர் குடிக்கப் போனார். வந்து பார்த்தால் ஸ்பீக்கர் இவரையும் பார்க்கவில்லை, ஜனங்களையும் பார்க்கவில்லை. பீடத்தைப் பார்த்து இருந்தது. "ரெண்டு பேருக்கும் சண்டை வேண்டாம். அந்தோனியாருக்குக் கேக்கட்டும்" என்றார் சவரிமுத்து. கடைசியில் சுவக்கீன் தோளிலிருந்த துண்டை எடுத்து, ஸ்பீக்கரைக் கீபோர்டு ஸ்டாண்டின் காலோடு கட்டிப் போட்டார். மாட்டைக் கட்டுவது போல இரண்டு முடிச்சு.

வெடி போட்டார்கள். கொடி ஏறியது. உபதேசியார் கண்ணை மூடினார், பாட்டை எடுத்தார். நான் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் இருந்தேன். சுவக்கீன் ஒரு கட்டையைத் தொட்டார். பட்டனை அழுத்தினார். இன்னொரு முறை அழுத்தினார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

பாட்டு டிரம்ஸோடு மட்டும் போய்க்கொண்டிருந்தது. கமிட்டித் தலைவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். முக்காலி போயிற்று என்று நினைத்தேன். சுவக்கீனோ கீபோர்டின் சின்னத் திரையில் மூக்கு படுகிற மாதிரி குனிந்து எதையோ அழுத்திக்கொண்டிருந்தார். ஒரு விரல் ஒரே கட்டையை மெதுவாகத் தொட்டபடியே இருந்தது. முதல் சரணம் முடிந்தது. இரண்டாம் சரணத்தில் இரண்டு கையையும் வைத்தார்.

அந்தக் கோவிலில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. உபதேசியார் குரலும் கீபோர்டும் ஒன்றாகப் போயின. கண்ணை மூடிப் பாடுகிற உபதேசியார் அன்று கண்ணைத் திறந்து, யார் என்று பார்ப்பவர் போல இவர் பக்கம் பார்த்தார்.

வெளியே பொங்கல் கொடுக்கும் இடத்தில் கமிட்டித் தலைவர் சுவக்கீனின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, ஸ்பீக்கர்னா இதுதான் ஸ்பீக்கர். மொதல் சரணம் சூடாகிற வரைக்கும் கொஞ்சம் டைம் எடுத்துச்சு. அப்புறம் பாருங்க."

"ஆமா" என்றார் இவர்.

"இதே மாதிரி இன்னொன்னு வாங்கி ஜனத்தப் பாத்து வச்சிருவோம்."

"வச்சிருவோம்."

சவரிமுத்துவும் வந்து, "நான் சொன்னேன்ல, அந்தோனியாரு பாத்துக்கிட்டாரு" என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் என்னிடம் சொன்னார். "உபதேசியாரு பாடுறது ரெண்டு கட்டைக்கு நடுவுல இருக்கு அன்னா. இதுல வச்சா கொஞ்சம் கூட, அதுல வச்சா கொஞ்சம் கொறச்சல். பட்டன எம்புட்டு அமுக்குனாலும் ஒட்டாது. நான்தான் தப்பா வாசிக்கேன்னு இத்தன வருஷமும் இருந்துட்டேன்."

"பொறகு எப்படி ஒட்டுச்சு?"

எல்லாக் கீபோர்டும் 440 என்ற எண்ணில் சுருதி வைத்து வரும் என்றார். அதை நுணுக்கி நுணுக்கிக் குறைக்க உள்ளே ஒரு வழி இருக்கிறதாம். 431-க்கு இறக்கியதும் உபதேசியாரின் தொண்டையில் போய் நின்றதாம். "முன்னால இருந்த ஆர்மோனியம் அங்கன இறங்கிப் போயிருந்திருக்கும். அவரு அதுல பாடிப் பழகுனவரு."

"அப்ப அவர்ட்ட சொல்லிருங்க."

"சொன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை யோசிச்சுப் பாடுவாரு. யோசிச்சா அவருக்குப் பாட்டு வராது. ஸ்பீக்கர் நல்லதுன்னே இருக்கட்டும்."

அப்படியே இருந்தது. அடிமாலி ஆளைப் பற்றி யாரும் பிறகு பேசவில்லை. ஜோமோனிடமிருந்து இன்னொரு ஆறரை இஞ்ச் வந்து ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்தது. அதை எதனோடும் இணைக்கவில்லை என்பது சுவக்கீனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அதிலிருந்து சத்தம் நன்றாக வருகிறது என்றே எல்லோரும் சொன்னார்கள். மூன்று திருவிழாக்கள் அவர் அந்த முக்காலியில் இருந்து வாசித்தார்.

அவர் போன பிறகு ஜெஸ்னா வாசிக்கிறாள். உபதேசியாருக்கு வயதாகி, கம்பத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது ஜெஸ்னா முதலில் சுருதி கொடுக்கிறாள், ஜனங்கள் பாடுகிறார்கள். போன மாதம் அவள் போனில் எதையோ வைத்துச் சோதித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அத்தே, மாமா கீபோர்டுல சுருதி தப்பா இருக்கு. 440-க்கு மாத்திட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை அவள் சுருதி கொடுத்தாள். ஜனங்கள் ஒரு வரி அவளோடு பாடினார்கள். இரண்டாவது வரியில் ஒவ்வொருவராக இறங்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது வரியில் எல்லோரும் உபதேசியாரின் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், சாமியார் உட்பட. ஜெஸ்னா தனியாக மேல் சுருதியில் நின்றுகொண்டிருந்தாள். பூசை முடிந்ததும் ஷிஜு அவளிடம், "என்ன, ஸ்பீக்கர் போயிருச்சா?" என்று கேட்டான்.

அன்றே திருப்பி மாற்றிவிட்டாள். கீபோர்டின் திரையில் 431 என்று இருக்கிறது.