சிவப்பு ராஜா பின்வாங்குகிறான்

…காலைத்தான் முதலில் நகர்த்த வேண்டும், வாள் பிறகுதான் வரும், உடம்பு சாயாமல் எந்த மனுஷன் கையை ஓங்குகிறான், பொம்மைக்கும் அதே நியாயம்தானே என்று ஆவுடையம்மாள் சிவப்பு ராஜாவின் பாதத்திலிருந்த குண்டூசியைப் பிடுங்கினாள், ஒரு நெல்லளவு நகர்த்தி மறுபடி பலகையில் குத்தினாள், எதிரே ஷரீஃபுன்னிசா கறுப்பு ராஜாவின் தகர வாளை ஒரு நெல்லளவு தாழ்த்தினாள், நான்கு கைகளும் விலகியதும் முதலாளி பிரம்மநாயகம் பொத்தானை அழுத்த காமிரா ‘டக் டக்’ என்றது. இப்படி நூறு முறை செய்தால் தியேட்டர் இடைவேளை விளம்பரத்தில் எட்டு விநாடி சண்டை ஓடும். சிவப்பு ராஜா கறுப்பு ராஜாவைக் கோட்டைச் சுவர் வரை விரட்டிப் போய், வாளைத் தட்டிவிட்டு, அங்கே இருக்கும் பல்பொடி டப்பாவைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பான். அவ்வளவுதான் கதை. பம்பாய்ச் செம்பூரின் இந்தத் தகரக் கொட்டகைக்குப் பொம்மைகளுக்குச் சட்டை தைக்க வந்தவள் அவள், இப்போது சண்டையே அவள் கையில்… எண்ணிக்கை மட்டும் மனசில் நிற்காது, முப்பதைத் தாண்டினால் குழம்பிவிடும், வசனம்தான் நிற்கும். ‘எ-டு-டா வா-ளை’ என்றால் ஐந்து நகர்த்தல், நாக்கு ஒரு முறை புரண்டால் பொம்மை ஒரு முறை நகரும், பேசுகிற ராஜா முன்னால் வருவான், கேட்கிற ராஜா தடுப்பான். “என்னம்மா, ஊமைப் பொம்மைக்குக் கூத்தா நடத்துதீங்க?” என்று சிரித்த முதலாளி, முதல் சண்டையைத் திரையில் பார்த்த அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார், “இனிமே வசனம் பேசாம எவளும் பொம்மையில கை வைக்கப்பிடாது.”

இன்றைக்கு மட்டும் சத்தமில்லை. “யக்கா, நோன்பு, தொண்ட காஞ்சு கெடக்கு, ரெண்டு பேருக்கும் நீயே மனசுக்குள்ள பேசிக்கோ, உன் ராஜா எந்தப் பக்கம் நகருதானோ அந்தப் பக்கம் நான் என் ராஜாவக் கொண்டாரேன்” என்று காலையிலேயே சொல்லிவிட்டாள் ஷரீஃபுன்னிசா. மனசுக்குள் பேசுவதென்ன பெரிய வித்தையா, நேற்று ராத்திரியிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருக்கிறாள். சாயங்காலம் ஏழு மணிக்கு அண்ணன் மாசானம் அவளுடைய லேபர் கேம்ப் வீட்டுக்கு வெற்றிலை பாக்கோடு வருகிறான், அவள் மகள் தங்கத்தாயைத் தன் மகனுக்குக் கேட்க. கேட்க என்ன கேட்க, முறை இருக்கிறது, எடுத்துக்கொள்ள வருகிறான். தங்கத்தாய்க்குப் பதினைந்து வயது. காலையில் சடை பின்னும்போது திரும்பாமலே கேட்டாள், “எம்மா, மாமாட்ட சொல்லிருவியா?” சொல்லிருதேன் தாயி, நேராப் பாரு, வகிடு கோணுது… வீட்டுக்காரரிடம் கேட்டால், “உங்க அண்ணன், நீயே சொல்லு, நான் நடுவுல வரல” என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சிவப்பு ராஜா கையை ஓங்கினான். ‘டக் டக்’. எடுடா வாளை… அதற்குள் அண்ணன் குரல், ஏட்டி ஆவுட, எம் மவனுக்கு என்னட்டி கொறச்சல்? அண்ணே, கொறச்சல்னு நான் சொன்னனா? பின்ன என்ன, ஆண்டாப் ஹில்லுல சொந்தமாப் பட்டற வச்சிருக்கான், ஒரு பீடி குடிக்க மாட்டான். அண்ணே, அவன் தங்கமான பய, அவனச் சொல்லல, இவ மெட்ரிக் முடிக்கட்டுமேன்னுதான்… குண்டூசியைப் பிடுங்கு, நகர்த்து, குத்து, கையை எடு. முடிச்சு? மந்திரியாவப் போறாளாக்கும்? அண்ணே, ரெண்டே வருசம்… ‘டக் டக்’. பம்பாய்க்கு வந்து எறங்கினப்ப ஒனக்குக் குடியிருக்க இந்தக் கோலி ரூம யாருட்டி பிடிச்சுக் குடுத்தா? அண்ணே, நீதான், அத மறப்பனா…

விளக்கின் சூட்டில் கறுப்பு ராஜாவின் மெழுகு மூக்கு வழிந்தது, ஷரீஃபுன்னிசா அதை நகத்தால் நிமிர்த்தினாள், வெளியே குர்லா போகிற ரயில் அதிர, எல்லாரும் மூச்சைப் பிடித்துப் பலகை அடங்கும்வரை காத்திருந்தார்கள். நன்றாகத்தான் பேசுகிறேன் என்று ஆவுடையம்மாளுக்குத் தோன்றியது, வார்த்தைக்கு வார்த்தை பதில் கொடுக்கிறேனே, ஒன்றையும் விடவில்லையே, ஏழு மணிக்கு இதையே அப்படியே எடுத்து வைத்தால் போதாதா? அண்ணன் முகம் கறுக்கும். மதினி நாலு நாள் பேசமாட்டாள். பேசாவிட்டால் போகட்டும். அம்மை செத்தபோது தூக்கி வளர்த்த கை அது என்றால், அதற்காகப் பிள்ளையையா கொடுக்க முடியும், அண்ணே, நீ வளத்த கைதான், நான் இல்லங்கல… ‘டக் டக்’.

“ஏம்மா ஆவுடை,” என்றார் பிரம்மநாயகம். இத்தனை நேரம் கை நடுவில் வந்துவிடுகிறதா என்பதை மட்டுமே கவனித்துக்கொண்டிருந்தவர் இப்போது காமிராவுக்குள் குனிந்திருந்தார். “ஒன் ராஜா எங்க போறான்? டப்பா அந்தப் பக்கம்லா இருக்கு?”

அவள் பலகையைப் பார்த்தாள். சிவப்பு ராஜாவின் குதிகால் பலகை விளிம்புக்கு வந்திருந்தது. அவன் வந்த வழி முழுக்கக் குண்டூசித் துளைகள், முன்னால் ஏழெட்டுதான், மீதியெல்லாம் பின்னால் பின்னால்… எடுடா வாளை அங்கேயே நின்றுபோய்விட்டதே, அதற்கப்புறம் இவன் நடந்தது என் பேச்சுக்குத்தானா? அண்ணன் பேசிய இடங்களில் துளைகள் நெருக்கமாக ஒரே இடத்தில் கிடந்தன, ராஜா வாளைப் பிடித்தபடி அசையாமல் நின்று கேட்டிருக்கிறான். அவள் பதில் பேசப் பேச நடந்திருக்கிறான், விளிம்பைப் பார்த்து. “நான் நீ கதைய மாத்திட்டியோன்னுல்லா நெனச்சேன், யக்கா,” என்றாள் ஷரீஃபுன்னிசா, “எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான், வாசல் வரைக்கும் பின்னால போயிட்டுத்தான் சண்டைய ஆரம்பிப்பாரு.” “நோன்புக்காரிக்கு இதுக்கு மட்டும் தொண்ட காயலையாக்கும்,” என்ற பிரம்மநாயகம் தலையைச் சொறிந்தார். வேறு பிலிம் இல்லை, அடுத்த டின் எந்த மாதம் கிடைக்குமோ, எடுத்தது எடுத்ததுதான். “சரி, நிக்கித எடத்துலேர்ந்தே கொண்டா. தூக்கி நடுவுல வச்சிராத, தாவுன மாதிரி தெரியும். அங்கேர்ந்தே ஒவ்வொரு அடியா.”

அங்கேயிருந்தே. ஆவுடையம்மாள் குண்டூசியில் கை வைத்தாள். எந்தப் பேச்சில் இவன் நகர்ந்தான்? பொத்தானை அழுத்த வேண்டாம் என்று சைகை செய்துவிட்டு, உதட்டுக்குள் ஒரு தடவை பேசிப் பார்த்தாள், அண்ணே, இவ படிக்கட்டும்… அண்-ணே, இரண்டு நகர்த்தல், இரண்டும் பின்னால், விரல்கள் தன்பாட்டில் பாதத்தைப் பின்னுக்கு இழுத்தன. துளைகளைப் பார்த்தாள், ஒவ்வொரு பதிலின் தொடக்கத்திலும் அதே இரண்டு பெரிய அடிகள், பிறகுதான் சின்னச் சின்னதாக மற்றவை. அப்படியென்றால் நான் மறுத்துப் பேசினேன் என்று நினைத்ததெல்லாம்? அந்த ‘அண்ணே’யை விட்டுவிட்டுச் சொன்னாள். இவ படிக்கட்டும். ராஜா ஒரு நெல்லளவு முன்னால் வந்தான். இன்னொரு நெல்லளவு. எவ்வளவு மொட்டையாக இருக்கிறது, சொந்த அண்ணனிடம் பேசுகிற பேச்சா இது, பிறந்ததிலிருந்து ஒரு வாக்கியமாவது அந்தச் சொல் இல்லாமல் அவனிடம் பேசியிருக்கிறாளா, நினைவில்லை… பேசலாம், இன்றைக்குப் பேசிவிடலாம், பலகையில் வருகிறதே. ஆனால் ஏழு மணிக்கு அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, வெற்றிலைத் தட்டோடு வாசலில் நிற்பான். வாண்ணே என்று சொல்லாமல் எப்படிக் கதவைத் திறப்பது?

“ம்?” என்றார் பிரம்மநாயகம், பொத்தான் மேல் விரலை வைத்தபடி.