மருந்தடித்த புல்வெளி

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த தையற்காரியின் காலடியில் ஏதோ ஈரமாகப் பட்டது. குனிந்து பார்த்தாள். அவளுடைய பூனை துரை வாயில் நுரை தள்ளக் கிடந்தான். பக்கத்தில் கக்கிப்போட்ட புல்.

துரை புல் தின்பது புதிதல்ல. தினமும் காலையில் படியிறங்கி, குடியிருப்பின் புல்வெளியில் பெரிய மனிதர் மாதிரி உலாவி, நாலு இலை கடித்துவிட்டு வருவான். சில நாள் கக்கவும் செய்வான். கக்கிய கையோடு சாப்பாட்டுத் தட்டை உருட்டுவான். இன்று தலையைக்கூடத் தூக்கவில்லை. யாரோ தைக்கக் கொடுத்த துணியிலேயே அவனைச் சுருட்டிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினாள்.

புல் பூனைக்கு ஆகாதா என்று அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"வெறும் புல்லு ஒண்ணும் பண்ணாதும்மா. எல்லாப் பூனையும் கடிக்கும், கொஞ்சம் கக்கும், அவ்வளவுதான். ஆனா இவன் வாயில மருந்து வாடை அடிக்குது. புல்லுல என்ன அடிச்சாங்கன்னு உடனே கேட்டுட்டு வாங்க. தெரிஞ்சாத்தான் வைத்தியம் பண்ண முடியும்."

குடியிருப்புச் சங்கச் செயலாளரின் வீடு கீழ்த்தளத்தில். செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் பதில் சொன்னார். நேற்றுச் சாயங்காலம் களைக்கொல்லி அடித்தார்களாம். எச்சரிக்கைப் பலகைகூட இருந்ததாம். இன்று வீடு வாங்க ஆட்கள் வருகிறார்கள், பார்க்க நன்றாக இருக்காது என்று எடுத்துவிட்டார்களாம். மருந்தின் பெயர் ஞாபகமில்லையாம். ஒரு பூனைக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று வேறு கேட்டார்.

அப்போதுதான் ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த அவருடைய நாய் அவள் கண்ணில் பட்டது. நாள் தவறாமல் அந்தப் புல்லில் புரளும் நாய் அது. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"நாயை மட்டும் எதுக்கு சார் கட்டிப் போட்டிருக்கீங்க?"

அவர் செய்தித்தாளை மடித்தார். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தோட்டச் சாமான்கள் போட்டுவைக்கும் மோட்டார் அறைக்குள் புகுந்து, மூலையில் கிடந்த மருந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினாள்.

துரை பிழைத்துக்கொண்டான். மருத்துவர் அதைச் சொன்ன பிறகும் அவள் கோபம் தணியவில்லை.

சாயங்காலம் வீடு பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். புல்வெளியைச் சுற்றிச் சிவப்பு லைனிங் துணி கட்டியிருந்தது. நடுவில் ஓர் அட்டை: 'விஷ மருந்து அடித்திருக்கிறது. கால் வைக்காதீர்கள்.' வந்த பெண் கையில் பிடித்திருந்த குழந்தையைச் சட்டென்று இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

செயலாளர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார்.

"முதல்ல அதைக் கழட்டும்மா. மானம் போகுது."

தையற்காரி கடைசி முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். அவள் குரல் உயரவில்லை.

"உங்க நாயைக் காப்பாத்தத் தெரிஞ்சுதே, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா? இன்னிக்கு என் பூனை. நாளைக்கு இந்தக் குழந்தையா இருந்தா என்ன சொல்வீங்க? ஆபத்துன்னு தெரிஞ்சும் தன் வீட்டுக் கதவை மட்டும் சாத்திக்கிறவனும் விஷம் வச்சவன்தான் சார்."