நாலு சென்டிமீட்டர் பஞ்சு

கண்ணாடி ஜாடிகளைப் பெட்டியில் அடுக்கும் கூடத்தில் பெரியவளுக்கும் சின்னவளுக்கும் அடுத்தடுத்த மேசை. வீட்டிலும் ஒரே அடுப்புதான். அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்ட ஓரகத்திகள். பெட்டிகளை விழவைத்துப் பார்க்கும் சோதனை அறையில் ஒரே ஓர் இடம் காலி, எழுத்துத் தேர்வு உண்டு என்று அறிவிப்பு ஒட்டினார்கள். இருவருமே பெயர் கொடுத்தார்கள்.

சின்னவளுக்கு அது ஆசை. பெரியவளுக்குக் கால். பதினேழு வருடம் நின்றே வேலை பார்த்து முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. இனியும் நின்றால் நடக்கவே முடியாமல் போகும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். சோதனை அறையில் நாற்காலி உண்டு.

போட்டி என்றாலும் புத்தகம் ஒன்றுதான். சாப்பாட்டு இடைவேளையில் பெட்டிகளின் நடுவே உட்கார்ந்து இருவரும் கணக்குப் போட்டார்கள். எண்பது சென்டிமீட்டர் மேசையிலிருந்து விழுகிற பெட்டி தரையைத் தொடும்போது வினாடிக்கு நாலு மீட்டர் வேகம். இதுவரை பெரியவளும் தேறிவிட்டாள். அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் அடங்கி நிற்கிறது என்ற இடத்தில்தான் வம்பு; தூரம் குறையக் குறைய ஜாடிக்கு அடி பலம். பெட்டிக்கு அடியில் வைக்கும் பஞ்சு நாலு சென்டிமீட்டர் என்றால் அவள் இரண்டு என்று எழுதுவாள்.

பஞ்சு என்னதான் அமுங்கினாலும் பாதிதான் அமுங்கும், அப்புறம் கல்லு மாதிரி ஆகிவிடும் என்பது அவள் கட்சி. உடைந்து திரும்பி வந்த ஜாடிகளை அவள் எத்தனை பார்த்திருக்கிறாள்! சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"புத்தகத்துல இருக்கிறதை மட்டும் போடுங்கக்கா. உங்க பஞ்சு கதையெல்லாம் பரீட்சையில செல்லாது."

படித்தவள் சொல்கிறாளே என்று பெரியவளும் அடங்கிப்போனாள்.

தேர்வில் அதே கணக்கு வந்தது, கொஞ்சம் மாறி. சோதனை அறை இன்ஜினியரே கேள்வியைத் தன் கைப்பட எழுதியிருந்தார். மேசை உயரம் எண்பது, அடியில் நாலு சென்டிமீட்டர் பஞ்சு, வேகம் சட்டென்று குறைகிற அடியை ஜாடி முந்நூறு அளவு வரைதான் தாங்கும், உடையுமா, உடையாதா? பெரியவளின் கை தானாக இரண்டு என்று போட்டது. நானூறு வந்தது, உடையும். உடனே சின்னவளின் பேச்சு காதில் கேட்டது. அடித்துவிட்டு நாலு போட்டாள். இருநூறு. உடையாது என்று எழுதிவிட்டு வந்தாள்.

முடிவில் சின்னவளின் பெயர் இருந்தது. பெரியவளுக்கு ஒரே ஒரு கேள்வியில் போயிருந்தது.

வேலை முடிந்து உடை மாற்றும் அறையில் வேறு யாரும் இல்லை. சின்னவள் பெஞ்சில் உட்கார்ந்து, இன்ஜினியர் கூப்பிட்டுப் பாராட்டியதைச் சொன்னாள். பஞ்சு கணக்கைச் சரியாக எழுதியவள் அவள் ஒருத்திதானாம்.

"பாதிதான் அமுங்கும்னு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டாருக்கா."

"நீ என்ன சொன்ன?"

"அனுபவம்னு சொன்னேன்."

இவள் வேலைக்கு வந்து முழுசாக இரண்டு வருடம் ஆகவில்லை, இவளுக்கு அனுபவமாம். நாலு போடச் சொன்னவளே இரண்டு போட்டுவிட்டு வந்திருக்கிறாளே என்று பெரியவள் முகத்துக்கு நேராகவே கேட்டாள். சின்னவள் தலை நிமிரவில்லை. சொல்லிக் கொடுத்தபோது நாலுதான் சரி என்று நிஜமாகவே நினைத்தாளாம். உடையுமா என்று கேள்வியில் பார்த்த பிறகுதான் அக்காவின் பஞ்சு ஞாபகம் வந்ததாம்.

"நம்புறேன்," என்றாள் பெரியவள். "ஆனா அனுபவம் யாரோடதுன்னு அவர்கிட்ட போய்ச் சொல்லிட்டு வா."

"சொன்னா என் இடம் போயிடும்க்கா."

"சொல்லலைன்னா என் காலு போயிடும்டி."

சின்னவள் அழுதாள். பெரியவள் சமாதானம் சொல்லவில்லை. சொல்ல மனசு வரவில்லை. பிறகு சின்னவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். பக்கத்திலிருந்த இன்ஜினியரின் அறைக் கதவைத் தட்டும் சத்தம் கேட்கும் வரைக்கும் பெரியவள் அந்தப் பெஞ்சில் உட்காரவே இல்லை.