எட்டுப் பக்கம் மிச்சம்

1

தமிழ்ப் பதிப்புலகின் பொற்காலம் காவிரிக் கரையில் தோன்றவில்லை, வைகைக் கரையிலும் தோன்றவில்லை. நிஜாமின் ராஜ்யத்தில், மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில், ஒரு மாமனிதரின் நெஞ்சில் தோன்றியது.

மேற்படி வாக்கியங்கள் எனக்குக் கொடுக்கப்பட்டவை. கொடுத்தவர்கள் அந்த மாமனிதரின் பேரப்பிள்ளைகள். பதிப்பகத்துக்குத் தொண்ணூறாவது ஆண்டு மலர் போடுகிறார்கள். கட்டுரை வேண்டாம், கட்டுரை என்றால் ஆதாரம் கேட்பார்கள், கதையாகவே எழுதுங்கள் என்றார்கள். தாத்தா அய்யாக்கண்ணுவைக் கொஞ்சம் கம்பீரமாகக் காட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

"எழுதி முடித்ததும் உங்களிடம் காட்டட்டுமா?" என்று மூத்த பேரனிடம் கேட்டேன்.

"நக்கோ சார், வேண்டாம். தமிழ் பேசினா புரியும், படிக்க வராது. யாருக்குமே வராது எங்க வீட்ல. நேரா பிரஸ்ஸுக்குக் குடுத்துடுங்க."

இந்தக் கதையில் எங்காவது தைரியம் தென்பட்டால் அதன் ஊற்று இதுதான். நெஞ்சைப் பற்றி ஒரு திருத்தம்: 1934இல் அந்த நெஞ்சில் என்ன தோன்றியது என்று தெரியவில்லை. அந்த வருஷம் அவர் போட்ட மெடிக்கல் லீவில் கபம் என்று இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: "அன்று அதிகாலை அய்யாக்கண்ணு ஒரு கனவு கண்டார். வெண்தாமரையில் வீற்றிருந்த கலைமகள் அவரை நோக்கி—"

[நிறுத்திவிட்டேன். கலைமகளை லாலாகுடா ஒர்க்ஷாப் வரை நடக்க வைக்க மனம் வரவில்லை.]

இரண்டாம் தொடக்கம்: "வறுமையின் பிடியில் சிக்கித் தவித்த அந்த இளைஞர்—"

[அவருக்கு வயது நாற்பத்தொன்று. ஒர்க்ஷாப்பில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. மாதச் சம்பளம், ஓட்டு வீடு, வருஷத்துக்கு மூன்று இலவச ரயில் பாஸ். வறுமையை எந்த வாசல் வழியாகக் கொண்டுவருவது?]

மூன்றாம் தொடக்கம்: அய்யாக்கண்ணு ரயிலைப் பற்றி ஒரு காவியம் எழுதினார்.

இது மட்டும் உண்மை. இதிலிருந்தே போகிறேன்.

3

காவியத்தின் பெயர் 'தூமசகட மான்மியம்'. தூமசகடம் என்றால் ரயில். ரயிலை ரயில் என்று சொன்னால் காவியம் ஆகாது என்பது அவர் கட்சி. விருத்தப்பாக்கள் நானூறு. அவற்றுக்கு முன்னால் சிறப்புப் பாயிரங்கள் முப்பத்தொன்று. அதாவது, நூலையும் ஆசிரியரையும் புகழ்ந்து ஊர்ப் பெரியவர்கள் எழுதிக் கொடுத்த பாட்டுகள். தலைமை டிக்கெட் பரிசோதகர் ஒரு பாட்டு, மாரெட்பள்ளிப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் இன்னொரு பாட்டு. படித்துவிட்டு எழுதியவர் யாரும் இல்லை. அது வழக்கமும் இல்லை.

அச்சடித்தவர் ரெஜிமெண்டல் பஜாரில் சின்ன அச்சுக்கூடம் வைத்திருந்த தனசிங். திருநெல்வேலிக்காரர். சர்ச் அறிவிப்பு, கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்த மனிதர்.

"எட்டுப் பக்கம் மிச்சம் வே," என்றார் தனசிங், கடைசித் தாளை மடித்துப் பார்த்துவிட்டு. "பதினாறு பக்கம் சேந்தாத்தான் ஒரு ஃபாரம். உம்ம ரயிலு பாதி ஃபாரத்துல நின்னு போச்சி. வெள்ளையா விட்டா காகிதம் தண்டம். ஏதாவது எழுதிக் கொண்டாரும்."

"இன்னும் நாலு பாயிரம் வாங்கிடட்டுமா?"

"ஊர்ல ஆளு மிச்சம் இருக்கா? என் பேர்லயே ஒண்ணு இருக்கே."

அய்யாக்கண்ணு வீட்டுக்கு வந்து இந்த எட்டுப் பக்கத்தைச் சொல்லிப் புலம்பினார். மனைவி கமலம் அரக்கோணத்துக்காரி. ஐந்தாவது வரை படித்தவள்.

"நான் எழுதி வச்சது கீது. போடறீங்களா?" என்றாள்.

"இன்னாது?"

"பஜார்ல பேசறது. இங்க வந்த புதுசுல அல்லாரும் ஏமாத்தனாங்க இல்ல? அப்போலருந்து கேட்டுக் கேட்டு எழுதனது. அவங்க பேச்சு ஒரு பக்கம், நம்ம பேச்சு ஒரு பக்கம்."

"காவியத்துக்குப் பின்னால கத்திரிக்காயா?"

"வெள்ளையா விட்டா தண்டம்னு சொன்னது நானா?"

யோசித்தார். "சரி, குடு."

"பேரு போடுவீங்களா?"

"எட்டுப் பக்கத்துக்கு இன்னாத்துக்குப் பேரு?"

"ஆளுக்கு அரைப் பக்கம் எழுதனவங்க முப்பத்தோரு பேரு. அல்லாருக்கும் போட்டீங்களே."

அவர் தாள்களை வாங்கிக்கொண்டு அச்சுக்கூடத்துக்குப் போனார். பெயர் போடவில்லை. வாசகருக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கமலத்துக்கு இந்தக் கதையில் வேறு ஆசை எதுவும் கிடையாது. வீடு வேண்டாம், நகை வேண்டாம். தான் எழுதியதன்மேல் தன் பெயர் வேண்டும். கதையின் பாரம் முழுக்க அந்த நான்கெழுத்தின்மேல்தான் நிற்கிறது.

4

இப்போது எனக்கு ஜுலைகாவின்மேல் சந்தேகம்.

கமலத்துக்கு ஊர் பாஷையான ஹிந்துஸ்தானியைக் கற்றுக்கொடுத்தவள் ஜுலைகா என்று குடும்பத்தில் சொல்கிறார்கள். குவார்ட்டர்ஸ் வாசலில் காய்கறிக் கூடை இறக்கி விற்றவள். யோசித்துப் பாருங்கள். விற்கிறவளே வாங்குகிறவளுக்குப் பேரம் பேசக் கற்றுக்கொடுப்பாளா? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வாளா? கதைக்குத் தேவை என்று வந்து குதித்த பாத்திரம் மாதிரி இருக்கிறது. இரண்டு முறை அவளை அடித்துவிட்டு எழுதிப் பார்த்தேன். கமலம் சுவரோடு பேசிக் கற்றுக்கொண்டதுபோல் ஆகிவிட்டது.*

ஆகவே ஜுலைகா இருக்கட்டும். காரணமும் கண்டுபிடித்துவிட்டேன். பாஷை தெரியாத கமலம் விரலைக் காட்டி, தலையை ஆட்டி, அரை மணி நேரம் பேரம் பேசினாள். அதற்குள் மற்ற வீட்டுக்காரிகள் உள்ளே போய்விடுவார்கள். கற்றுக்கொடுத்துவிட்டால் அரை நிமிஷத்தில் சண்டை முடியும். இது வியாபாரம்.

அந்த எட்டுப் பக்கத்திலிருந்து சில வரிகள்:

இத்தா கைக்கு? — ஏன் இவ்வளவு?
யே கல் கா ஹை — இது நேற்றையது.
மேரேகு நயீ நக்கோ சமஜ் — நான் ஊருக்குப் புதுசு என்று நினைக்காதே.

மூன்றாவது வரியைவிடச் சிக்கனமான வரி மான்மியத்தின் நானூறு விருத்தத்தில் இல்லை.

* குடும்பத்திடம் ஜுலைகாவின் படம் இருக்கிறதா என்று கேட்டேன். நிறுவனர் படங்கள் பதினேழு இருக்கின்றன என்றார்கள்.

5

ஐந்நூறு பிரதி அடித்தார்கள். பாயிரம் பாடியவர்கள் ஆளுக்கு ஒன்று இலவசமாக வாங்கிக்கொண்டார்கள். அதன்பின் நடந்ததை அய்யாக்கண்ணுவே நம்பவில்லை. மெட்டுகுடாவிலிருந்து கேட்டார்கள். மல்காஜ்கிரியிலிருந்து கேட்டார்கள். பெண்பிள்ளைகள் முந்தானையில் காசு முடிந்துகொண்டு வாசலில் வந்து நின்றார்கள். ஐந்து வாரத்தில் ஒரு பிரதிகூட இல்லை.

"பெண்ணினம் விருத்தப்பாவுக்கு ஏங்கிக் கிடந்தது," என்று டைரியில் எழுதினார். எழுதிய கையோடு ஒர்க்ஷாப்புக்கு ராஜினாமாக் கடிதமும் எழுதினார், விருத்தத்திலேயே. துரைக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லி, கேட்டு முடித்ததும் உடனே கையெழுத்துப் போட்டார். மூன்று மாதத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

மறுநாள் மல்காஜ்கிரியில் ஒரு ஃபயர்மேன் வீட்டுக்குப் போயிருந்தார், இரண்டாவது காவியத்துக்கு முன்பணம் வாங்க. சமையல்கட்டுச் சுவரில் எட்டுப் பக்கம் நூலில் கோத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. மீதியைத் தேடினார். பரணில் ஊறுகாய் ஜாடிக்கு அடியில் இருந்தது.

அந்த இடத்தில் அவர் மனம் என்ன பாடுபட்டது என்றால்—

[வேண்டாம். குடும்பம் கம்பீரம் கேட்டிருக்கிறது. கம்பீரமாக வீடு திரும்பினார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.]

6

திரும்பியவர் செய்ததை மெச்சத்தான் வேண்டும். காவியத்தை ஒதுக்கிவிட்டு எட்டுப் பக்கத்தை மட்டும் தனிப் புத்தகமாகப் போட்டார். 'பஜார் பேச்சு', விலை இரண்டணா. ஆயிரம் பிரதி ஒரே மாதத்தில் போயின. அட்டையில் இப்படி இருந்தது: 'இயற்றியவர்: மான்மியக் கவிமணி மெட்டுகுடா அய்யாக்கண்ணு'.

கமலம் அட்டையைப் பார்த்தாள். "இதுல நீங்க எது எழுதனீங்க?"

"நானா? பதிப்பாசிரியன்."

"அப்போ அதப் போடறது."

"சனங்களுக்குப் புரியாது."

இரண்டாம் பதிப்பில், தன் பெயர் வீண்போகக் கூடாது என்று, புத்தகத்தில் கைவைத்தார். 'நக்கோ' கொச்சையாம், 'கைக்கு' கேவலமாம். பெயர் தெரியாத ஓர் உருது முன்ஷியைப் பிடித்துப் புத்தகம் முழுவதையும் அரண்மனை உருதுவாக மாற்றினார். 'இத்தா கைக்கு?' இருந்த இடத்தில் 'ஜனாப்-எ-ஆலி, கீமத் மே குச் கமீ ஃபர்மாயியே' வந்து உட்கார்ந்தது. பெருந்தகையீர், விலையில் சற்றே குறைத்தருள்க என்று பொருள்.

பத்து நாள் கழித்து ஜுலைகா கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தாள். அதற்குள் அவளுக்கும் கொஞ்சம் தமிழ் வந்திருந்தது.

"க்யா ஹோ கமலம்மா, உங்க ஆளுங்களுக்கு என்னா ஆச்சி? கத்திரிக்காய்க்கு வந்து நமக்கு சலாம் வெக்கறாங்க. நவாப் கோட்டி, பெரிய பங்களாலருந்து வராங்கன்னு டபுள் சொன்னேன். குடுத்துட்டுப் போறாங்க."

"எத்தினி பேரு?"

"காலைலருந்து ஒன்பது. எனக்கு நல்லாத்தான் இருக்கு. இதே புஸ்தகம் போடச் சொல்லு."

மற்றக் கூடைக்காரிகளும் அதையே செய்திருந்தார்கள். மறுநாள் வாசலில் பெண்கள் வந்து நின்றார்கள், இந்த முறை கையில் புத்தகத்தோடு. காசைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். "எங்க கவிமணி?" என்று கேட்டார்கள். கவிமணி பின்கட்டில் இருந்தார். காலி செய்ய இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

7

அச்சுக்கூடத்தில் மூவரும். கமலத்தின் மடியில் துணியில் சுற்றிய கட்டு. பழைய எட்டுப் பக்கம், அதோடு புதிதாக நாற்பது: ஆஸ்பத்திரியில், வீட்டுக்காரரிடம், ஜட்காக்காரரிடம், பள்ளிக்கூடத்தில், போலீஸ்காரரிடம்.

"குடு," என்றார் அய்யாக்கண்ணு.

"பேரு போட்டா குடுக்கறேன்."

"சரி. 'திருமதி அய்யாக்கண்ணு'ன்னு போட்டுடலாம்."

"அது உங்க பேரு."

தனசிங் ஈய எழுத்துகளைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டார்.

"'ஒரு குலஸ்திரீ'. கௌரவமா இருக்கும்."

"எந்தக் குலஸ்திரீ? ஊர்ல நெறைய கீறாங்க."

"பொம்பள பேரு போட்டா எவன் வாங்குவான்?"

"எவனும் வாங்கல. அல்லாம் பொம்பளங்கதான் வாங்கனாங்க. வாசல்ல வந்து நின்னது யாரு, பின்கட்டுல போய் நின்னது யாரு?"

"இங்க பாரும் வே," என்று தனசிங் தலையை நிமிர்த்தினார். "பாயிரத்துக்கு என் பேரப் போட்டீரு. அத நான் எழுதவே இல்ல, நீரேதான் எழுதினீரு. இந்த அம்மா எழுதினத எழுதினேன்னு சொல்லுது. இதுல ஒமக்கு என்ன நட்டம்?"

"எனக்குன்னு ஊர்ல ஒரு—"

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.

மூன்றாம் பதிப்பு என் மேஜைமேல் இருக்கிறது. காகிதம் பழுத்துவிட்டது. அட்டை சொல்வது: 'பஜார் பேச்சு. இயற்றியவர்: கமலம்.' பட்டம் இல்லை, ஊர் இல்லை, இனிஷியல் இல்லை. அவர் பெயர் உள்ளே, சின்ன எழுத்தில், 'வெளியிட்டவர்' என்ற இடத்தில்.

இரண்டாயிரம் பிரதி பன்னிரண்டு நாளில் தீர்ந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள், மாரெட்பள்ளியில் மாடி வைத்த வீட்டுக்கு. 'ஆஸ்பத்திரிப் பேச்சு', 'வாடகைப் பேச்சு', தெலுங்குக்கு ஒரு வரிசை என்று கமலம் எழுதிக்கொண்டே போனாள். யுத்த காலத்தில் காகிதத்துக்கு ஊரே அலைந்தபோது, 'ரேஷன் பேச்சு' அடிக்க வேண்டும் என்று சொல்லிக் காகிதம் வாங்கினாள். கொடுத்த குமாஸ்தா தமிழர், அவர் மனைவி ஜோலார்பேட்டை, புத்தகம் வீட்டில் இருந்தது. 1942இல் தனசிங்கின் அச்சுக்கூடத்தில் பாதி அவளுக்கு. 1947இல் மெஷின் மூன்று, ஆள் இருபத்திரண்டு. ஓடும் ரயிலில், மெட்ராஸிலிருந்து முதன்முறையாக வருகிற மணப்பெண்கள் வாடி ஜங்ஷன் தாண்டியதும் அந்தப் புத்தகத்தைப் பிரித்து வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார்களாம். பொற்காலம் என்ற பேச்சைத் தொடக்கத்தில் கேலி செய்தேன். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இடம் சரி, நெஞ்சுதான் வேறொருவருடையது.

8

மிச்சம் இருப்பது ஒன்று: அந்தப் பெயர் அட்டைக்கு எப்படி வந்தது?

(அ) குடும்பத்தின் முடிவு: அய்யாக்கண்ணு பெருந்தன்மையோடு எழுந்து, "கமலம், இந்தப் புகழ் உனக்கே உரியது," என்று கண்ணீர் மல்கச் சொன்னார். மலருக்கு இதுதான் வேண்டுமாம்.

(ஆ) தனசிங் வீட்டில் சொல்லிவந்தது: அச்செழுத்து வாங்க அய்யாக்கண்ணு மெட்ராஸ் போன வாரத்தில் அடித்து முடித்துவிட்டார்கள். அவர் திரும்பி வந்தபோது முதல் ஆயிரம் விற்றுவிட்டது.

(இ) என்னுடையது: அவர், "எனக்குன்னு ஊர்ல ஒரு" என்பதற்குப் பிறகு வரவேண்டிய சொல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது கமலம் கட்டைத் தனசிங் கையில் கொடுத்துவிட்டு எழுந்து—

[இதையும் முடிக்கப் போவதில்லை. மூன்றில் எதை எடுத்துக்கொண்டாலும் அட்டை மாறாது. உங்களுக்குப் பிடித்ததை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு யாராவது படித்துக் காட்டினால் (அ)வைப் படித்துக் காட்டுங்கள்.]

சந்தேகத்துக்கு இடமில்லாத தகவல் ஒன்று மட்டும் இருக்கிறது. அய்யாக்கண்ணுவுக்குக் கடைசிவரை ஹிந்துஸ்தானி வரவில்லை. மூன்றாம் பதிப்பில் ஒரு பிரதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வெளியே போவார். வீட்டில் கேட்கக் கூச்சப்பட்டு, ஸ்டேஷன் கடையில் முழு விலை கொடுத்து வாங்கியிருந்தார்.