கோல்பி வோய்ட்கோவின் முன்பல்லும் மூன்று முடிவுகளும்

1.

இந்தக் கதை ஒரு மைக்கிலிருந்து பிறந்தது. அதை அணைக்க மறந்தவன் நான்.

அமெரிக்க எல்லைக்கு வடக்கே, ஹார்லோ ஊரில் பகலில் நான் பல் டாக்டர். பனிக்காலத்துச் சனிக்கிழமை மாலைகளில் ஐஸ் ஹாக்கி அரங்கத்தின் அறிவிப்பாளர். கோல் போட்டவன் பெயர், தப்பாட்டம் ஆடியவன் பெயர், பரிசுச் சீட்டு எண், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் லாரியின் நம்பர், இவ்வளவுதான் வேலை. உக்ரைன்காரர்கள், ஃபின்லாந்துக்காரர்கள், க்ரீ பழங்குடி மக்கள் என்று வரும் பெயர்களையெல்லாம் நாக்கு சுளுக்காமல் சொல்ல ஓர் ஆளைத் தேடியிருக்கிறார்கள். வைத்தியநாதசுவாமி என்ற பெயரை வைத்துக்கொண்டு இந்தச் சமவெளியில் இருபது வருடம் தாக்குப்பிடித்தவன் என்பதால் என்னைப் பிடித்துப் போட்டார்கள். ஸ்கேட் கட்டி நிற்க எனக்கு இன்றுவரை தெரியாது. ஆகவே ஹாக்கி பற்றி எனக்குக் கருத்துகள் அதிகம்.

மார்ச் மாதம். பரிசுச் சீட்டு எண்ணை அறிவித்துவிட்டு உட்கார்ந்தேன். ஆட்டம் மறுபடி தொடங்கியது. பக்கத்தில் கடிகாரம் பார்க்கும் டெட்டிடம் சொன்னேன்:

"இந்த வோய்ட்கோ பய அடுத்த வருஷமும் இங்கயே கெடந்தான்னா அழுகிப் போயிடுவான் டெட். புத்தி இருந்தா அமெரிக்காவுல ஏதாவது ஒரு காலேஜுக்கு ஓடிடணும்."

என் குரல் கூரையில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. அதுவரை கத்திக்கொண்டிருந்த ஊர் முழுக்க மேலே பார்த்தது. பயிற்சியாளர் கார்த் பார்த்தார். பனியின் நடுவே, தன் பெயரைக் கேட்ட கோல்பி வோய்ட்கோவும் பார்த்தான். பார்த்த அந்த நொடியில் 'பக்' எனப்படும் கறுப்பு ரப்பர் வட்டு பறந்து வந்து அவன் வாயில் அடித்தது. வாய்க்கவசம் இருந்தது. ஆனால் அதைப் போட்டுக்கொள்ளாமல் வெற்றிலை மாதிரி ஓரமாக மென்றுகொண்டிருப்பது இந்தப் பையன்களின் வழக்கம்.

முன்பல் பாதி போய்விட்டது. ஊரில் இருப்பது ஒரே பல் டாக்டர்.

2.

முதலில் இந்தக் கதையை "பனி பெய்துகொண்டிருந்தது" என்று தொடங்கியிருந்தேன். அழித்தேன். இங்கே வருடத்தில் பாதி பனிதான். அதைச் சொல்வதும் "அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்" என்று ஒருவரை அறிமுகம் செய்வதும் ஒன்று.

அடுத்தது: "ஒவ்வோர் இளைஞனின் வாழ்விலும் ஒரு நாற்சந்தி வருகிறது, அங்கே அவன்" (போதும். இது பள்ளி ஆண்டு விழா.)

அதற்கும் அடுத்தது: "கோல்பியின் கண்களில் தொலைதூரக் கனவொன்று மின்னியது." அது கனவல்ல. என் நாற்காலி விளக்கு.

ஆகவே விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். தெற்கே வெயில் ஊரில் இருக்கும் ஒரு பெரிய தொழில்முறை அணி போன ஜூனில் கோல்பியைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறது. இது நிச்சயதார்த்தம் மாதிரி. பெண் எங்கள் பெண்தான், வேறு யாரும் கேட்கக் கூடாது, ஆனால் கல்யாணம் இப்போது வேண்டாம், கொஞ்சம் சதை போட்டு வரட்டும் என்று பொருள். பையனுக்குப் பதினெட்டு வயது. ஆறடிக்கு மேல் உயரம், அகலம் என்று தனியாக எதுவும் இல்லை. இவனை எந்த வீட்டில் வைத்து வளர்ப்பது என்பதுதான் கேள்வி.

எங்கள் ஹார்லோ அணியிலேயே இன்னொரு வருடம் இருக்கலாம். அமெரிக்கக் கல்லூரி ஒன்று சேர்த்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது. (முன்பெல்லாம் எங்கள் லீகில் கால் வைத்தவனுக்குக் கல்லூரி ஹாக்கியின் கதவு சாத்தியே கிடக்கும். இப்போது விதி மாறிவிட்டது. கதவு சாத்தியிருந்தவரை எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.) ஃபின்லாந்தில் ஒரு கிளப்பும் கேட்கிறது. அங்கே தாடி வைத்த, பிள்ளைகுட்டி உள்ள ஆண்களோடு ஆட வேண்டும்.

மே மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். தப்பான வீட்டில் வளர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நிச்சயம் ஆகி, கல்யாணம் நடக்காமல் அப்பாவின் கோதுமை வயலுக்குத் திரும்பிய ஆண்பிள்ளைகள் பலருக்கு நான் பல் கட்டியிருக்கிறேன். இன்னும் அந்தப் பழைய அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வருவார்கள்.

3.

வேர் சிகிச்சையின் முதல் நாள். என் தப்பு என்பதால் காசு கிடையாது. நாற்காலியைச் சாய்த்து, வாயில் ரப்பர் திரையை மாட்டினேன். வலித்தால் இடது கையைத் தூக்கு என்று சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"எங்க போறதா இருக்கே?"

"ஆஆங்," என்றான்.

வேலை முடிந்து அவன் வாய் கொப்பளித்த பிறகு மறுபடி கேட்டேன்.

"ஒரு நாளைக்கு ஒரு நாளா பாக்கணும் டாக். நம்ம ஆட்டத்தை நாம ஆடணும். பக்கை ஆழமா தள்ளணும்."

"நான் பேட்டி எடுக்கலப்பா. உன் பல்லுல நரம்பு எடுக்கறேன்."

"பசங்க எல்லாரும் நல்லா உழைக்கிறாங்க," என்றான்.

(அடிக்குறிப்பு போட இடமில்லாததால் இங்கேயே: ஹாக்கிப் பையன்கள் வெளியூர் அணியில் சேரும் வயதில் அவர்களிடமிருந்து 'நான்' என்ற சொல்லைப் பிடுங்கிவிடுகிறார்கள். அது நான் பிடுங்கியதல்ல. அதற்குப் பிறகு கோல் போட்டாலும் 'நாம', தோற்றாலும் 'நாம', கால் முறிந்தாலும் 'நாம அதைக் கடந்து போகணும்'. ஒரு கதாபாத்திரத்துக்கு 'நான்' இல்லையென்றால் எழுதுகிறவன் என்ன செய்வான்?)

பெரிய அணியிலிருந்து ஒருவர் வாராவாரம் அவனுக்குத் தொலைபேசுகிறார். இளம் பையன்களின் வளர்ச்சியைக் கவனிப்பதே அவர் உத்தியோகம். என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"எனக்கு எது சரின்னு தோணுதோ அதைச் செய்யச் சொல்றாரு."

"உனக்கு எது சரின்னு தோணுது?"

"அவரு என்ன நினைக்கிறாருன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்."

4.

இந்த ஊர்ப் பழக்கம் ஒன்று: வெளியூரிலிருந்து ஆட வரும் பையன்களை உள்ளூர்க் குடும்பங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளும். சாப்பாடு, படுக்கை, துணி, நாய் எல்லாம் பொது. கோல்பி இருப்பது மார்லீஸ் ஃப்ரீசன் வீட்டில். மார்லீஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். இரண்டாம் முறை அவனை அந்த மஞ்சள் பேருந்திலேயே கொண்டுவந்து இறக்கினாள். மரப்பு ஊசி வேலை செய்யக் காத்திருந்த நேரத்தில் அவளைக் கேட்டேன்.

"நீ என்ன நெனைக்கிறே மார்லீஸ்?"

"எனக்கு ஓட்டு இல்ல டாக். நான் சமைச்சுப் போடறவ."

"சும்மா சொல்லு. மைக் இல்ல."

"உங்களை நம்ப முடியாது." குரலைத் தாழ்த்தினாள். "கிளப்புல கேக்கறாங்க, அடுத்த வருஷம் புதுப் பையன் வேணுமான்னு. இவன் போறானா இருக்கானான்னு தெரியாம நான் என்னத்தச் சொல்ல? இவன்கிட்ட கேட்டா, 'உங்களுக்கு எது வசதியோ அது மேடம்'ங்கறான். ரெண்டு வருஷமா என் பீட்ரூட் சூப்பை 'நல்லா இருக்கு மேடம்'னுதான் குடிச்சான். போன வாரம் பாக்கறேன், எங்க நாய் நாக்கெல்லாம் செவப்பு."

"கோவம் வந்துச்சா?"

"அழுகை வந்துச்சு. ரெண்டு வருஷம் ஒரே வீட்டுல இருந்துட்டு, சூப்பு பிடிக்கலன்னு என்கிட்ட சொல்ல முடியலயே." பிறகு உடனே, "நாய் நல்லா சதை போட்டுடுச்சு. அதை வேணா பெரிய அணிக்கு அனுப்பலாம்."

5.

இங்கே ஒரு வில்லன் தேவைப்படுகிறது. கதை வகுப்பு எடுக்கிற யாரும் சொல்வார்கள். பயிற்சியாளர் கார்த்தை முயன்று பார்த்தேன்: "பையனின் எதிர்காலத்தைவிடத் தன் வெற்றியே பெரிதென நினைக்கும் அந்தக் கல்நெஞ்சன் சுருட்டைப் பற்றவைத்து"

கார்த் சுருட்டு பிடிக்க மாட்டார். வரும்போதெல்லாம் எனக்கு மான் கொத்துக்கறி கொண்டுவருவார். மேல்வரிசை முழுக்க நான் செய்து கொடுத்த பற்கள். கோபம் வந்தால் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேசுவார். மைக் விஷயம் பேச வந்த அன்றும் கழற்றினார்.

"தப்பாட்டம் ஆடுனவனுக்குக் குடுக்கற மாதிரி உன் மைக்குக்குத்தான் ரெண்டு நிமிஷம் தண்டனை குடுத்து உக்கார வைக்கணும். இங்க இருந்தா ஆட்டத்துல பாதி நேரம் பனியில இருப்பான். காலேஜ்ல மொத வருஷம் பெஞ்சைச் சூடாக்கிட்டு இருப்பான். பெஞ்சுல உக்காந்து எவன்யா வளந்தான்? பல்லு வளருமா, ஆடாம?"

"பல்லு ஆடுனாத்தான் பிரச்சினை கார்த்."

"வேடிக்கை பண்ணாதே."

"சரி. அவன் போயிட்டா அடுத்த வருஷம் நீங்க எத்தனை ஆட்டம் ஜெயிப்பீங்க?"

பற்களை எடுத்து மாட்டிக்கொண்டார். "வண்டியில உனக்கு மான் கறி இருக்கு. மறந்துடாதே," என்றார்.

அவர் சொன்னது பொய்யல்ல. அதுதான் இந்தக் கதைக்குப் பெரிய தொந்தரவு. எல்லோரும் சொல்வது சரியாகவே இருக்கிறது. கார்த்துக்கு வேலை போகும் பயம் இருப்பதும், அவர் பையனை விரும்புவதும் ஒரே சட்டைப் பையில் கிடக்கின்றன. வில்லனைக் கைவிட்டேன். பாத்திரப் பட்டியலில் அந்த வேலைக்கு மிச்சமிருப்பது மைக் வைத்திருந்தவன் ஒருவன்தான்.

6.

கடைசி அமர்வு. பல்லுக்கு உறை மாட்டும் நாள். சிமென்ட் இறுகும்வரை விரலால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் சும்மா இருக்க எனக்குத் தெரியாது.

"உன்னை வச்சு ஒரு கதை எழுதறேன் கோல்பி. பயப்படாதே, எங்க பாஷையில. இந்த ஊர்ல அதைப் படிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்."

"ஆங்?"

"முடிவு மட்டும் அமையல. மூணு வச்சிருக்கேன். கேளு."

சொன்னேன்.

முதல் முடிவில் அவன் இங்கேயே இருக்கிறான். அணி கோப்பையை வெல்கிறது. தீயணைப்பு வண்டிமேல் ஊர்வலம். மார்லீஸ் தன் பேருந்தை அதன் பின்னால் ஓட்டி வருகிறாள். கார்த் சிரிக்கிறார், பற்களோடு. ஆனால் அடுத்த இலையுதிர் காலத்தில் பெரிய அணியின் முகாமுக்குப் போகிறவன், போன வருடம் போன அதே பையன்தான்.

இரண்டாவதில் கல்லூரி. முதல் வருடம் பெஞ்ச். தோள் அகலமாகிறது. மண்ணியல் பாடத்தில் எதிர்பாராத ஆர்வம் வந்து, ஹாக்கியை விட்டுவிட்டு அப்பாவின் வயலுக்கே நல்ல விளைச்சல் கொண்டுவருகிறான். (இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. எனவே நிச்சயம் பொய்யாகத்தான் இருக்கும்.)

மூன்றாவதில் ஃபின்லாந்து. தாடிக்காரர்கள் அவனைச் சுவரோடு வைத்து நசுக்குகிறார்கள், பிறகு நீராவிக் குளியலுக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கேயும் யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை. அவனுக்கு வீடு மாதிரி இருக்கிறது.

வாசகரே, இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. ஒருமுறை தேர்ந்தெடுத்துச் சத்தமாகச் சொன்னதில் ஒரு பல் போய்விட்டது. நன்றி, வணக்கம் என்று இங்கே முடித்துவிடுவதாகத்தான் இருந்தேன்.

கோல்பி இடது கையைத் தூக்கினான்.

7.

"வலிக்குதா?"

தலையை ஆட்டினான், இல்லையென்று. கை இறங்கவில்லை. சிமென்ட் இறுகியிருந்தது. விரலை எடுத்தேன்.

"டாக், நீங்க எப்பவுமே என் வாய்க்குள்ள கையை வச்சுக்கிட்டுத்தான் கேள்வி கேக்கறீங்க."

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. சொல்ல முடிகிற நிலையில் அவர்கள் இருந்ததில்லை.

கையுறைகளைக் கழற்றினேன். விளக்கை அணைத்தேன். நாற்காலியை நிமிர்த்தி, அவன் எதிரில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன்.

"சரி. எங்க போறே?"

"ஒரு நாளைக்கு ஒரு" என்று தொடங்கி நிறுத்தினான். நாக்கால் புதுப் பல்லைத் தொட்டுப் பார்த்தான்.

"எனக்கு இடது பக்கம் திரும்ப வராது," என்றான்.

"என்னது?"

"பின்னால சறுக்கிட்டு வர்றப்ப. வலது பக்கம் திரும்பிடுவேன். இடது பக்கம் திரும்புனா கால் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கும். சின்னதுலேருந்தே. அதனால எதிராளி எப்பவும் என் வலது பக்கமா வர்ற மாதிரி நின்னுக்குவேன். அதைத்தான் பெரிய அணியிலேருந்து என்னைப் பாக்க வர்றவங்க 'எதிராளியை மடக்கற புத்தி'ன்னு எழுதிட்டுப் போறாங்க."

இரண்டு பருவம் அவனை மேலே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நானும் அதைப் புத்தி என்றுதான் டெட்டிடம் சொல்லியிருக்கிறேன்.

"கார்த்துக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. இங்க வாரத்துக்கு மூணு ஆட்டம், ஜெயிச்சாகணும். இடது பக்கம் திரும்பிப் பாத்து விழுந்தேன்னா, கோல். ஊரே பாக்கும். அப்பா ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்து பாப்பாரு. இங்க விழ முடியாது டாக், எல்லாரும் கை தட்டறாங்க. ஃபின்லாந்துல சம்பளம் குடுப்பாங்க, அங்கயும் விழக் கூடாது. பெரிய அணிக்கு இப்படியே போனா மொத வாரமே கண்டுபிடிச்சிருவாங்க." மூச்சு வாங்கிக்கொண்டான். "காலேஜ்ல வார நாள் பூரா பயிற்சிதான். ஆட்டம் கெடையாது, டிக்கெட் கெடையாது. எனக்கு விழறதுக்கு ஒரு இடம் வேணும். நான் காலேஜுக்குப் போறேன்."

அந்த வாக்கியத்தில் ஒரு 'நான்' இருந்தது. அவனும் அதைக் கேட்டிருக்க வேண்டும். காது சிவந்துவிட்டது.

நான் மைக்கில் சொன்ன அதே பதில்தான். ஆனால் ஏன் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் நான் தோள் அகலத்தைப் பற்றித்தான் பேசியிருப்பேன்.

"அங்க போனா வந்துருமா, இடது பக்கம்?"

"தெரியாது."

வெளியே மார்லீஸ் பேருந்தின் ஹாரனை அடித்தாள். அவன் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டான்.

"அவங்ககிட்ட இன்னிக்கு நானே சொல்லிடறேன். சூப்பைப் பத்தியும். கார்த்துகிட்ட நாளைக்கு. நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"தமிழ்ல மட்டும்," என்றேன்.

கதவைப் பிடித்தபடி யோசித்தான். "எத்தனை பேர் படிப்பாங்க?"

"நான் எழுதினா, கம்மிதான்."

"அப்ப சரி," என்றான் கோல்பி.