நாலாவது மாடி இடைவெளி

தையற்காரம்மா வீட்டுப் பால்கனி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குக் கட்டடத்தை விட்டுப் பிரிந்து, அதே நாலாவது மாடி உயரத்தில், இரண்டு விரல்கடை தள்ளி நின்றது. அதில் அவள் புருஷன், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பால்கனி விழவில்லை, ஆடவும் இல்லை. அன்றைக்கே ஒரு எட்டு வைத்து உள்ளே வந்திருக்கலாம். மனுஷன் வரவில்லை. நாம் இறங்கினால் கைவிட்டுவிட்டோம் என்று எழுதிக்கொள்வார்கள், குடியிருப்போர் சங்கம் வந்து பார்க்கட்டும் என்று அழிச்சாட்டியமாக உட்கார்ந்துவிட்டார். சங்கம் வந்து பார்க்க ஐந்து நாள் ஆனது. அதற்குள் இடைவெளி நாலடி. அறுபத்தைந்து வயசு முழங்காலை வைத்துக்கொண்டு அந்த உயரத்தில் நாலடியை யார் தாண்டுவது?

அந்த அடுக்ககத்துப் பராமரிப்பு விதி அப்படி. பால்கனித் தரையின் டைல்ஸ் வீட்டுக்காரர் பொறுப்பு, டைல்ஸுக்கு அடியிலுள்ள கான்கிரீட் சங்கத்தின் பொறுப்பு. கைப்பிடிச் சுவரின் உள்பக்கப் பெயிண்ட் இவர்களுடையது, வெளிப்பக்கப் பெயிண்ட் அவர்களுடையது. பால்கனி முழுசாகக் கிளம்பிப் போனால் யார் இழுத்துவர வேண்டும் என்று ஒரு வரி இல்லை. தீயணைப்பு வண்டி ஏணியோடு வந்தது. பொறுப்பானவர் கையெழுத்துப் போட்ட கடிதம் கேட்டார்கள். தையற்காரம்மா போட்ட கையெழுத்து டைல்ஸுக்கு மட்டும்தான் செல்லும் என்றார் சங்கச் செயலாளரான பல் டாக்டர். வண்டி திரும்பிப் போனது.

அதற்கப்புறம் பால்கனி வாரத்துக்கு அரையடி விலகியது. தையற்காரம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கை வைக்கிற இடத்தில் காலரை வைத்துத் தைத்தாள், பிரித்தாள், மறுபடி காலரையே வைத்தாள். நிமிஷத்துக்கொரு தரம் எழுந்து கதவைத் திறந்து பார்த்தாள். துணி காயப்போடும் கம்பின் நுனியில் கேரியரை மாட்டித்தான் அவருக்குச் சாப்பாடு போய்க்கொண்டிருந்தது. கம்பு பதினோரு அடி. மூன்று மாசத்தில் இடைவெளி பத்தரை அடி ஆகிவிட்டது. இரண்டு கம்பைச் சேர்த்துக் கட்டிப் பார்த்தாள். நடுவில் தொய்ந்து கேரியர் கவிழ்ந்தது. இன்னும் ஒரு வாரம், அப்புறம் அந்த மனுஷன் பட்டினி. இது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். சங்கக் கூட்டத்தை இரண்டு தரம் தள்ளிவைத்தவர்களுக்கு மட்டும் தெரியவில்லை, பாவம்.

ஒருவழியாகக் கூட்டம் கூடியது. டைல்ஸா கான்கிரீட்டா என்று மூன்று மணி நேரம் முப்பத்திரண்டு பேரும் தொண்டை வறளப் பேசினார்கள். தையற்காரம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து எழுந்து நின்றாள்.

"பால்கனி யாருதோ, இருக்கட்டும். நடுவுல காலியா இருக்கே, அது யாருது? அதையாவது எழுதுங்க."

பல் டாக்டருக்குச் சுருக்கென்றது. போன வருஷம் கீழ்த்தளத்துக்காரர் இப்படித்தான் பேச்சோடு பேச்சாக வராந்தாவுக்குக் கம்பி அடித்து ஒரு அறையைச் சேர்த்துக்கொண்டார். இந்த அம்மாவும் அந்தப் பத்தரை அடியை வளைக்கப் பார்க்கிறாள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

"அதெல்லாம் உங்களுக்குத் தர முடியாதும்மா. அது பொது இடம். மாடிப்படி மாதிரி, யார் வேணா நடக்கலாம்" என்றார்.

சொன்னதோடு நிற்காமல் தீர்மானப் புத்தகத்திலும் எழுதினார். அந்தச் சங்கத்தின் சரித்திரத்தில் முதல் தடவையாக ஒருத்தர் விடாமல் கையெழுத்துப் போட்டார்கள்.

தையற்காரம்மா வீட்டுக்கு வந்தாள். கேரியரைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து, வெளியே காலை வைத்தாள். படிக்கட்டு போலக் கெட்டியாக, கொஞ்சம் சில்லென்று இருந்தது. நேராக நடந்து போய் அவர் முன்னால் நின்று, "இப்படி வீம்பு பிடிச்சு என்னத்தக் கண்டீங்க?" என்று கேட்டாள். கேட்கும்போதே அழுதுவிட்டாள். கண்டக்டர் முதலில் சாப்பிட்டார். அப்புறம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

பாதி வழியில் இரண்டு பேருக்கும் கால் நகரவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்கள். அந்நேரம் பார்த்து அந்தப் பொது இடத்தை அளவெடுக்க வந்த பல் டாக்டர், பொது வழியை இப்படி மறித்துக்கொண்டு நிற்கக்கூடாது என்றார். சரி என்று இருவரும் ஓரமாக ஒதுங்கி நின்று அவருக்கு வழி விட்டார்கள்.