ஜன்னல் பக்கத்து ஒரு சாண்

மூன்று மாதமாக என் மனைவி மல்லாந்தே படுத்திருக்கிறாள். மேலே எதைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள் என்று ஒரு நாளாவது யோசித்திருக்கிறேனா? அன்று காலை உருண்டுபோன மாத்திரையைத் தேடிக் குனிந்தவன், முதுகு பிடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டேன். சீலிங் கண்ணில் பட்டது. கண்றாவி. ஈரம் இறங்கிய பழுப்புத் திட்டு, உரிந்து தொங்கும் சுண்ணாம்பு, ஃபேனைச் சுற்றிக் கரி. முப்பது வருடம் ஊரான் வீட்டுக்கெல்லாம் பெயின்ட் அடித்தவன் நான். வெட்கமாக இருந்தது.

"இப்பதான் கண்ணுல பட்டுச்சா பெயின்டருக்கு?" என்றாள்.

இரண்டு நாள் ஹாலில் படுத்துக்கொள், ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன் என்றேன். முடியாது என்றாள். ஒரு ராத்திரி இந்தக் கட்டிலை விட்டு வெளியே படுத்தால் திரும்பி வரவே மாட்டோம் என்று அவளுக்குப் பயம். இனி ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னபோது அவளும் பக்கத்தில்தானே இருந்தாள். பேசிப் பேசி ஒருவழியாகப் படிந்தது. தினமும் காலையில் அவள் தங்கை வந்து, அவளைச் சக்கர நாற்காலியில் ஹாலுக்குத் தள்ளிப்போய், உடம்பு துடைத்துத் தலை வாரிவிடுவாள். அந்த ஒரு மணி நேரம் எனக்கு.

எங்கள் தொழிலில் சீலிங்கைப் பாதியில் நிறுத்தவே கூடாது. ஈரம் காய்வதற்குள் அடுத்த பட்டையைச் சேர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சேர்ந்த இடம் கோடாகத் தெரியும். இதற்காக என்னிடம் வேலைக்கு வந்த ஆட்களை நான் திட்டாத திட்டில்லை. அதே தப்பை இப்போது தெரிந்தே செய்தேன். முதல் நாள் ஒன்றரை அடி.

திரும்பி வந்து படுத்தவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, கோணல் என்றாள். ஆனால் அன்று மல்லுக்கு நிற்காமல் அரை டம்ளர் பால் குடித்தாள். மறுநாள் தங்கை வருவதற்கு முன்பே, இன்றைக்கு எதுவரை அடிப்பீர்கள் என்று கேட்டாள். வலி வரும்போது கண்ணை மூடாமல் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருப்பாள்.

அங்கேதான் எனக்குப் புத்தி பிசகியது. சீலிங் முடியாதவரை இவளும் எங்கேயும் போகமாட்டாள் என்று நினைக்க ஆரம்பித்தேன். பைத்தியக்காரத்தனம்தான், எனக்கே தெரியாதா? ஒன்றரை அடி ஒரு அடியானது, ஒரு அடி ஒரு சாணானது. இந்த வேகத்தில் போனால் வருஷமாகும் மாமா என்று மச்சினி சிரித்தாள். ஆகட்டுமே என்றுதான் நானும் இருந்தேன்.

கடைசியில் ஜன்னல் பக்கம் ஒரு சாண் மிச்சம் நின்றது. பெயின்ட் தீர்ந்துவிட்டது என்று சொல்லி நான்கு நாள் ஓட்டினேன். அதற்குள் அவளுக்குப் பாலும் இறங்கவில்லை, குரலும் தேய்ந்துவிட்டது. ஐந்தாம் நாள் காலை பக்கத்தில் கூப்பிட்டாள்.

"பெயின்ட் வாங்கலையா?"

"கடையில அந்தக் கலர் இல்லையாம்."

"வெள்ளை இல்லாத கடையா? யாருக்குக் காது குத்துறீங்க?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "டின் கட்டிலுக்கு அடியில இருக்கு. நேத்து தங்கச்சி கூட்டும்போது தொடப்பம் இடிச்சுது. சத்தத்துலயே தெரியுது, பாதி இருக்கு."

ஒளித்து வைக்க எனக்கு வேறு இடமா கிடைக்கவில்லை? முகத்தைத் துடைத்துக்கொண்டேன். துடைக்கத் துடைக்க வந்தது.

"முடிச்சிடுங்க," என்றாள். "அப்புறம் நீங்கதான இங்க தனியா படுத்துப் பாக்கணும். பாதி வேலையைப் பாத்துக்கிட்டே கெடந்தா உங்களுக்குத் தூக்கம் வராது."

அன்று ஹாலுக்குப் போகமாட்டேன், பார்க்கணும் என்றுவிட்டாள். மச்சினி பிளாஸ்டிக் விரிப்பை அவள் கழுத்துவரை போர்த்திவிட்டாள். டின்னைத் திறந்தேன். மேலே ஆடை கட்டியிருந்தது. அதை விலக்கி, குச்சியால் அடிவரை கலக்கினேன். ரோலரைத் தொடவில்லை. ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் ஒரு இஞ்ச் பிரஷை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

அவள் பிரஷைப் பார்த்தாள். விரிப்பை மோவாய்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, மேலே பார்த்தபடி காத்திருந்தாள்.